சிபில் கார்த்திகேசு அம்மையார்

மலாயாக் கப்பல் என்ற சொல் சென்னைத் துறைமுகத்தை அடுத்து வாழ்ந்த மக்களின் பேச்சில் பல்லாண்டு வழங்கியது. 1926ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ என்னும் கப்பல், உலகப் போர்க்காலம் நீங்கலாக, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மனிதர்களைச் சுமந்தது. இராயபுரம் முதல் காத்திவாக்கம் வரை நீளும் கரையோரச் சிற்றூர்களுக்கு மலாயா கண்காணாத தேசமன்று. அங்கிருந்து மணியார்டர் வந்தது. தகரப் பெட்டியுடன் மனிதர் வந்தனர். சில வீடுகளுக்கு எதுவுமே வராமலும் போயிற்று. ரப்பர்த் தோட்டம், கங்காணி, ஈய லம்பம் ஆகிய சொற்களை அந்நாட்டைக் காணாதவர்களும் அறிந்திருந்தனர்.

அந்த நாட்டில் தமிழ்ப் பெயர் ஒன்றைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு வாழ்ந்து மறைந்த செவிலி ஒருவரை மட்டும் நம் பக்கத்தார் அவ்வளவாக அறிந்திலர். அவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். பிறப்பால் அவர் தமிழரல்லர். திருமணத்தால் தமிழ்க் குடும்பத்தினர், பேச்சால் சீனர்களுக்கும் நெருக்கமானவர், வழிபாட்டால் கத்தோலிக்கர். அவர் எந்த இனத்தவர் என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அவருடைய வாழ்க்கையில் நேர்ந்த பல நன்மைகளுக்கும், மறைவுக்குப் பின் நேர்ந்த மறதிக்கும் இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அம்மையார் 1899ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள் சுமத்திராத் தீவின் மேடான் நகரில் பிறந்தார். அப்போது அது டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்தது. பிறந்த ஊரின் பெயரையே நடுப்பெயராக வைத்துச் சிபில் மேடான் டேலி என்று அழைத்தனர். தந்தையார் ஜோசப் டேலி அயர்லாந்து வழிவந்த யூரேசியர். தோட்டத் தொழிலில் ஈடுபட்டவர். தாயார் பியாட்ரிஸ் பிரெஞ்சு வழிவந்த யூரேசியப் பெண்மணி. பேறுகாலம் பார்க்கும் தாதித் தொழிலில் தேர்ந்தவர். ஆண்மக்களுக்குப் பின் ஐந்தாவதாகப் பிறந்த ஒரே பெண் சிபில். தாயின் தொழிலே மகளுக்கும் வாய்த்தது. செவிலித் தொழிலையும் தாதித் தொழிலையும் முறையாகப் பயின்று அவர் பணியில் இறங்கினார். கான்டனீயச் சீன மொழியைச் சீனப் பெண்களே வியக்குமாறு பேசக் கற்றுக்கொண்டார்.

யூரேசியர் என்போர் ஐரோப்பியருக்கும் ஆசியருக்கும் பிறந்தோரின் வழியினர். நம் நாட்டில் ஆங்கிலோ இந்தியர் நின்ற நிலையே மலாயாவில் அவர்களுடையது. வெள்ளையர் அவர்களைத் தம்மவராக ஏற்பதில்லை. மண்ணின் மக்களும் தம்மவராகக் கொள்வதில்லை. தேவாலயமே அச்சிறு சமூகத்துக்கு ஊரும் உறவும் ஆயிற்று.

சிபிலின் கைப்பிடித்தவர் ஏ. சி. கார்த்திகேசு என்னும் மருத்துவர். தைப்பிங் நகரில் 1892ஆம் ஆண்டு கணபதிப் பிள்ளை, தங்கம் இணையருக்கு மகனாகப் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். இத்திருமணத்துக்குப் பெண் வீட்டார் முதலில் இசையவில்லை. நிறத்தைவிடச் சமயமே தடையாயிருந்தது. மருத்துவர் கத்தோலிக்க நெறியைத் தழுவி அப்டன் கிளமெண்ட் என்னும் பெயரை ஏற்றபின் தடை நீங்கியது. 1919ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் குன்றிலுள்ள புனித யோவான் ஆலயத்தில் மணம் நிகழ்ந்தது. ஆறுமுகம் என்ற பெயர் ஆலயப் பதிவேட்டில் மறைந்தாலும், முருகனின் பெயரான கார்த்திகேசு குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. பின்னாளில் ஒரு கத்தோலிக்கப் பெண்மணியின் புகழ் முருகன் பெயரோடு வழங்கலாயிற்று என்பது சுவையான செய்தி.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் முதற்குழந்தை பிறந்தது. மைக்கேல் என்று பெயரிட்டனர். முதல் உலகப் போரின்போது 1915ஆம் ஆண்டு கலிப்போலிப் போர்க்களத்தில் மாண்ட தம் தமையனின் பெயரையே சிபில் மகனுக்கு வைத்தார். அக்குழந்தை ஒரு நாள்கூட முழுமையாக உயிர் வாழவில்லை. எத்தனையோ தாய்மார்களின் கையில் குழந்தையை ஏந்திக் கொடுக்க வேண்டிய தொழிலில் இருந்தவருக்கு இவ்வாறு நேர்ந்தது. பிறகு வில்லியம் என்னும் ஆண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தனர். 1921இல் ஓல்கா பிறந்தாள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1936இல், கடைக்குட்டியாக டான் பிறந்தாள். டான் என்றால் விடியல் என்று பொருள்.

1921ஆம் ஆண்டில் குடும்பம் ஈப்போ நகரில் குடியேறியது. ஈப்போ பேராக் மாநிலத்தில் கிந்தாப் பள்ளத்தாக்கின் தலைநகர் போன்றது. உலகின் ஈயத்தில் பெரும்பங்கு அப்பள்ளத்தாக்கின் மண்ணிலிருந்து கழுவி எடுக்கப்பட்ட காலம் அது. ஈயம் எடுத்தவர்கள் சீனர். ரப்பர்ப் பால் எடுத்தவர்கள் தமிழர். ஆற்றோரக் கம்பங்களில் மலாய்க்காரர். 1926ஆம் ஆண்டு கணவரும் மனைவியும் பிரூஸ்டர் சாலை 141ஆம் எண் கட்டடத்தில் மருத்துவமனை தொடங்கினர். பதினைந்து ஆண்டுகள் அது இடையறாது நடந்தது. கார்த்திகேசு மருத்துவரைச் சீனர்கள் தம் ஹக்கா மொழியில் செல்லப் பெயரிட்டு அழைத்தனர். அயலார் ஒருவருக்குச் சீனத் தொழிலாளர் பெயரிட்டு அழைப்பது எளிதில் நிகழும் செயலன்று.

தாதித் தொழில் பிற தொழில்களைப் போன்றதன்று. அதற்கு நேரமில்லை, நாளுமில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் எழுந்து செல்ல வேண்டும். வந்திருப்பவன் யார், கூலி தருவானா, சாதி என்ன, மதம் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கப் பொழுது இராது. ஒரு வீட்டின் உள்ளறை வரை சென்று அங்குள்ள வறுமையையும் பூசலையும் கண்டு, வெளியே வந்ததும் வாய்மூடியிருப்பதும் அத்தொழிலின் ஒழுக்கம். நம் ஊர்களில் பழைய மருத்துவச்சிகள் காத்துவந்த ஒழுக்கமும் அதுவே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அம்மையார் இவ்வாறு பழகினார். பின்னர் அவர் செய்தவற்றை வீரம் என்று உலகம் பாராட்டியது. பாராட்டு தகும். ஆயினும் கதவு தட்டினால் திறப்பது, கண்டதை வெளியே சொல்லாதிருப்பது என்னும் இரண்டு பழக்கங்களும் போரில் பிறந்தவையல்ல. பிரூஸ்டர் சாலை மருத்துவமனையில் பழகியவை.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அத்திங்களிலேயே ஈப்போவின் மீது குண்டுகள் விழுந்தன. ஆண்டு முடியுமுன் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அச்செய்தி எழுப்பிய அச்சம் வங்கக் கடலைத் தாண்டி வந்ததை வடசென்னை முதியோர் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானியர் வரக்கூடும் என்ற அச்சத்தால் சென்னை நகரமே காலியானது. இங்கு அச்சத்தோடு நின்றது. அங்கு மூன்றரை ஆண்டு ஆட்சியாகவே அமைந்தது.

ஈப்போ வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன்னர்க் கார்த்திகேசு குடும்பம் பப்பான் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. ஈப்போவிலிருந்து ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈயச் சுரங்கத்து ஊர் அது. பப்பான் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பலகை என்று பொருள். ஒரே கடைத்தெரு, இருபுறமும் கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த வரிசைக் கட்டடங்கள், கொல்லைப்புறத்துக்கு அப்பால் காடு சூழ்ந்த குன்றுகள். அத்தெருவில் 74ஆம் எண் வீட்டில் குடும்பம் தங்கியது. மூதாட்டி பியாட்ரிஸ் அம்மையாரும் உடனிருந்தார். முன்பக்கம் மருந்தகமாயிற்று. வெளிப்பார்வைக்குப் போர்க்கால அகதிக் குடும்பம் ஒன்று பிழைப்பு நடத்துவதாகவே தோன்றியது.

சீனாவில் 1937 முதல் ஜப்பானியரோடு போர் நடந்துகொண்டிருந்ததால், மலாயாச் சீனர்கள் அனைவரையும் ஜப்பானியர் பகைவராகவே கருதினர். சிங்கப்பூர் வீழ்ந்தபின் பல்லாயிரம் சீனர் கொன்று குவிக்கப்பட்டனர். தப்பிய இளைஞர்கள் காடு புகுந்தனர். மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை என்னும் பெயரில் அவர்கள் திரண்டனர். பொதுவுடைமைக் கட்சியினர் அதனை நடத்தினர். பேராக் காடுகளில் அப்படை வலிமை பெற்றிருந்தது. காட்டில் குண்டடி பட்டவன் நகரத்து மருத்துவமனைக்குச் செல்ல முடியாது. சென்றால் அவனும் பிழையான், மருத்துவரும் பிழையார். மலேரியாவும் ஆறாத புண்ணும் துப்பாக்கியைவிட மிகுதியாக உயிர் பறித்தன. கொயினா மாத்திரைக்கே தட்டுப்பாடு.

அவர்கள் பப்பானுக்கு இரவில் வந்தனர். கொல்லைப்புறக் கதவு தட்டப்பட்டது. அம்மையார் திறந்தார். கணவரும் அவருமாகப் புண்களைக் கழுவிக் கட்டினர். உடலில் தங்கிய குண்டுகளை அறுத்தெடுத்தனர். கைவசம் இருந்த மருந்தைப் பங்கிட்டுக் கொடுத்தனுப்பினர். பொதுவுடைமைக்கும் கத்தோலிக்க நெறிக்கும் இருந்த பகையை அவர் அறியாதவரல்லர். அவர் தினமும் செபமாலை உருட்டியவர். புனித அந்தோணியாரிடம் நீங்காப் பற்றுடையவர். வந்தவர்களோ தேவனை நம்பாதவர்கள். நோயாளியின் நம்பிக்கை செவிலிக்குப் பொருட்டன்று என்று அவர் கொண்டார். அத்தோடு, அவர் நடுநிலை வகித்தார் என்று கூறுவதும் பொருந்தாது. ஜப்பானியர் தோற்க வேண்டும் என்று அவர் மனமார விரும்பினார். பிரிட்டனின் வெற்றியில் அவருக்கு அசையாத நம்பிக்கை இருந்தது. மருந்தோடு செய்தியும் அவ்வீட்டிலிருந்து காட்டுக்குச் சென்றது.

செய்தி வானொலி வழியாகக் கிடைத்தது. சிற்றலை வானொலியில் வெளிநாட்டுச் செய்தி கேட்பதை ஜப்பானியர் கொடிய குற்றமாக்கியிருந்தனர். அகப்பட்டால் உயிருக்கே கேடு. கார்த்திகேசு குடும்பத்தினர் மாடிப்படிக்கு அடியில் தரையைத் தோண்டிக் குழி அமைத்து அதில் வானொலியை மறைத்தனர். ஒன்று பழுதாகி, மற்றொன்றை வாங்கி, அதையும் விட்டு வேறொன்று தேடினர். நெப்போலியனின் மனைவி பெயரான ஜோசபின் என்பதை அவ்வானொலிக்குச் சங்கேதப் பெயராக்கினர். ஜோசபின் இன்று என்ன சொன்னாள் என்று கேட்டால் பக்கத்து வீட்டார்க்கு ஐயம் எழாதல்லவா! இலண்டன் பி.பி.சி. செய்தி இவ்வாறு படிக்கட்டின் கீழிருந்து புறப்பட்டு நம்பிக்கைக்குரியோர் காதுகளை எட்டியது. பொய்ச் செய்தியும் பசியும் நிறைந்த ஆண்டுகளில் உண்மைச் செய்தி ஒரு மருந்தாகவே மக்களுக்கு உதவியது.

இங்குத் தமிழ் வாசகர் மனத்தில் ஒரு தயக்கம் எழுவது இயல்பு. அதே மலாயாவில் அதே 1943ஆம் ஆண்டில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்திறங்கினார். ஜப்பானியரின் துணையோடு இந்திய தேசிய இராணுவம் புத்துயிர் பெற்றது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். அவர்களுடைய தியாகத்தை நாம் பாடியும் பேசியும் வருகிறோம். அந்த ஜப்பானியரை எதிர்த்து நின்ற ஒரு கார்த்திகேசு அம்மையாரை எங்கே வைப்பது? ஆனால், அதே ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து ஓட்டிச் சென்ற தமிழர்களில் பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்து, தண்டவாளத்தின் ஓரத்திலேயே புதையுண்டனர் என்பதும் வரலாறே. ஒருவர்க்கு விடுதலையின் துணையாகத் தோன்றிய படை, மற்றொருவரின் வீட்டு வாசலில் கொலைகாரனாக நின்றது. அம்மையார் தம் வாசலில் நின்றதையே கண்டார். அவரைப் போற்றுவதால் ஜான்சி ராணிப் படையினரின் பெருமை குறைந்துவிடாது.

1943ஆம் ஆண்டின் நடுவில் செய்தி கசிந்தது. முதலில் கணவர் கைதானார். மகன் வில்லியமும் சிக்கினான். அடுத்துத் தம் முறை என்று அம்மையாருக்குத் தெரிந்தே இருந்தது. காட்டுப் படையினர் தம்மோடு வந்துவிடுமாறு அழைத்தனர். அவர் செல்லவில்லை. தாம் மறைந்தால் முதிய தாயும் பெண்மக்களும் பப்பான் ஊராரும் அதற்கு விலை கொடுக்க நேரும் என்று எண்ணினார். சில நாள்களில் அவரையும் கொண்டு சென்றனர்.

கெம்பெய்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவக் காவல் துறையின் பிடியில் அவர் பட்ட துன்பங்களை இங்கு முழுமையாக விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிரம்படி, நகக்கண்களில் ஊசி, பழுக்கக் காய்ச்சிய இரும்பு, வயிறு புடைக்க நீர் புகட்டி மிதித்தல் என்று அவை நீண்டன. கேட்கப்பட்டவை மிகச் சில: வந்தவர்கள் யார், எங்கிருக்கின்றனர், ஊரில் துணை செய்தவர் எவர். ஒரு பெயரைக் கூறியிருந்தால் அடி நின்றிருக்கலாம். அப்பெயருக்குரியவன் அன்று மாலையே இறந்திருப்பான். அம்மையார் தாம் செய்தவற்றைத் தம்மீதே சுமத்திக்கொண்டார். பிறர் பெயரைக் கூறவில்லை.

ஒரு நாள் குழந்தை டானைக் கொண்டுவந்தனர். அவளுக்கு அப்போது ஏழு வயது அளவே இருக்கும். மரக்கிளையில் கயிறு கட்டிக் குழந்தையைத் தொங்கவிட்டனர். கீழே தீ மூட்டினர். தாயை எதிரே கட்டி வைத்து அடித்தனர். கயிற்றை அறுத்தால் குழந்தை நெருப்பில் விழும். பெயர்களைச் சொன்னால் குழந்தை பிழைக்கும். இத்தகைய நிலையில் ஒரு தாய் என்ன செய்ய வேண்டும் என்று அறநூல் எதுவும் விதிக்கவில்லை. பேசியிருந்தால் அவரைப் பழிக்க எவருக்கும் தகுதி இல்லை. அவர் பேசவில்லை. ஜப்பானிய அதிகாரி ஒருவரே குறுக்கிட்டமையால் குழந்தையை இறக்கிவிட்டனர். அந்த அதிகாரி வந்திராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்ற கேள்வியோடுதான் அம்மையார் எஞ்சிய ஆண்டுகளைக் கழித்திருக்க வேண்டும். வீரக் கதையாக இதனைக் கூறிக் கைதட்டுவோர் இவ்விடத்தில் சற்று நிதானிப்பது நல்லது.

விசாரணை என்ற பெயரில் ஒன்று நடந்து, அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கணவரும் சிறைத் தண்டனை பெற்றார். பத்து காஜா சிறையில் அம்மையார் அடைக்கப்பட்டார். முதுகெலும்பில் விழுந்த அடிகளால் கால்கள் செயலிழந்தன. சிறைக்கு வெளியிலும் அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே மக்களின் உணவாகிவிட்ட காலம். சிறைக்குள் எவ்வாறிருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ பெண்களை எழுப்பி நடக்கவைத்த செவிலி, சிமெண்டுத் தரையில் தாமே நகர்ந்து செல்லும் நிலையை அடைந்தார். செபமே அவருக்குப் பொழுதும் துணையுமாக இருந்தது.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிறைக் கதவு திறந்தது. தோளில் தாங்கிச் செல்ல வேண்டிய நிலையில் வெளியே வந்த அம்மையாரை மருத்துவத்துக்காக விமானம் மூலம் பிரிட்டனுக்கு அனுப்பினர். அங்கு அறுவை மருத்துவங்கள் நடந்தன. ஓரளவு நடக்கவும் இயன்றது. அவரை வதைத்த அதிகாரிக்குப் போர்க்குற்ற நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

1947ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. போர்க்களத்துக்கு வெளியே காட்டப்படும் துணிவுக்குரிய உயர் விருதுகளுள் அதுவும் ஒன்று. மலாயாவைச் சேர்ந்த வேறெந்தப் பெண்ணும் அதனைப் பெற்றதில்லை.

மருத்துவப் படுக்கையில் இருந்தவாறே அவர் தம் அனுபவங்களை ஆங்கிலத்தில் எழுதலானார். அந்நூல் அவர் மறைந்தபின் 1954இல் இலண்டனில் வெளிவந்தது. 1983இல் மறுபதிப்புக் கண்டது. இலக்கிய அன்பர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று அதன் தலைப்பில் உள்ளது. ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்னும் அத்தலைப்பு, ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் நீதிமன்றக் காட்சியில் வரும் தொடரைத் தழுவியது. இரக்கம் ஒரு டிராம் அளவுகூட இல்லை என்பது கருத்து. டிராம் என்பது மருந்து நிறுக்கும் அளவு. பழைய கம்பவுண்டர்கள் அவுன்சு, டிராம் என்று அளந்தே மிக்சர் கலந்து கொடுத்ததைக் கண்டவர்கள் இன்றும் இருக்கின்றனர். வாழ்நாள் முழுவதும் மருந்தை அளந்து கொடுத்த கைகளுக்கு இத்தலைப்பு எத்துணைப் பொருத்தமாக அமைந்தது! அந்நூலின் நடையில் அலங்காரம் இல்லை. நோயாளியின் குறிப்பேட்டை எழுதும் செவிலியைப் போல, இன்னது நடந்தது, அதன்பின் இன்னது நடந்தது என்று செல்கிறது. வதை பற்றிய பக்கங்களிலும் அதே குரலே ஒலிக்கிறது. தன்னிரக்கம் தலைகாட்டாத தன்வரலாறுகள் மிகச் சிலவே. அவற்றுள் இதற்கு இடமுண்டு. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு குடும்பத்தின் இவ்வரலாறு தமிழ் வாசகரிடையே பரவாதது நம் குறையே.

விடுதலைக்குச் சற்று முன்னர் ஜப்பானியக் காவலன் ஒருவனின் பூட்ஸ் கால் அவர் தாடையில் பட்டிருந்தது. அந்தப் பழைய காயத்தில் நஞ்சு ஏறி இரத்தத்தில் கலந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பதக்கம் பெற்றுச் சில மாதங்களே ஆன நிலையில், ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில் அம்மையார் காலமானார். வயது நாற்பத்தெட்டு.

அதே ஜூன் திங்கள் 16ஆம் நாள் ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிரிட்டிஷ் ஆட்சி நெருக்கடி நிலையை அறிவித்தது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்டவர்கள் மீண்டும் காடு புகுந்தனர். இம்முறை அவர்களுடைய பகைவர் பிரிட்டிஷார். அவர்களுடைய தலைவர் சின் பெங் பேராக் மாநிலத்தவர். போர்க்காலத் தொண்டுக்காக அவருக்கு அளித்த விருதையும் பிரிட்டிஷ் அரசு திரும்பப் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது அந்த நெருக்கடி நிலை. அம்மையார் யாருடைய பெயர்களைக் காக்க எலும்பு முறிய அடிபட்டாரோ, அவர்களை யாருடைய வெற்றிக்காகச் செபித்தாரோ அவர்களே வேட்டையாடினர். இதனைக் காணாமல் அவர் கண் மூடினார். நாட்டில் அவர் நினைவு மங்கியதற்கும் இதுவே முதற்காரணம் ஆயிற்று. அவரைப் போற்றினால் காட்டுப் படையைப் போற்றியதாகிவிடுமோ என்று ஆட்சியாளர் தயங்கினர். அரசரின் பதக்கம் பெற்றவர் என்பதால் மறுதரப்பாரும் அவரைத் தம்மவராகக் கொள்ளவில்லை. 1957இல் விடுதலை பெற்ற மலாயாவிலும் பள்ளிப் பிள்ளைகள் நெடுங்காலம் அவர் பெயரை விரிவாகப் படிக்க வாய்ப்பில்லாமல் போயிற்று.

ஈப்போ மக்கள் மறக்கவில்லை. லானார்க்கில் அடக்கம் செய்யப்பட்ட உடலை 1949ஆம் ஆண்டு ஈப்போவுக்குக் கொண்டுவந்து, புனித மைக்கேல் ஆலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்தனர். அவ்விடம் அவர் நோயாளிகளைப் பார்த்த அதே பிரூஸ்டர் சாலையில் அமைந்தது. முதற்குழந்தைக்கும் போரில் மாண்ட தமையனுக்கும் உரிய பெயர் அந்த ஆலயத்தின் பெயராகவும் இருந்தது. சாலையின் பெயர் பின்னர் சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று மாறிவிட்டது. ஈப்போவில் பேர் பார்க் பகுதியிலுள்ள வேறொரு சாலைக்கு அம்மையாரின் பெயரைச் சூட்டியுள்ளனர்.

2010ஆம் ஆண்டில் மலேசியத் தொலைக்காட்சி அவர் கதையைத் தொடராக ஒளிபரப்பியது. டேலி குடும்பத்தின் வழிவந்த நடிகை ஒருவரே அதில் அம்மையாராக நடித்தார். 2016 செப்டம்பர் 3ஆம் நாள் கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து வைத்தது. ஈயம் தீர்ந்தபின் பப்பான் கடைத்தெருவின் பல கட்டடங்கள் கூரையிழந்து, சுவர்களில் ஆலும் அரசும் வேர் விட்டன. 74ஆம் எண் வீட்டை மட்டும் ஆர்வலர்கள் நினைவு இல்லமாகப் பேணிவருகின்றனர். மருந்துப் புட்டிகள், பழைய படங்கள், மரப்படிக்கட்டு ஆகியவை அங்குண்டு. படிக்கட்டின் கீழே வானொலிப் பெட்டியை மறைத்து வைத்த குழியையும் காணலாம்.